புளி போட்டுத் தேய்த்த கார்

என் தங்கை செவந்தியை நாகராசுவுக்குக் கட்டிக்கொடுத்தபோது அவனிடம் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, யாரையும் எடுத்தெறிந்து பேச மாட்டான். இருந்த ஒரே குறை கல்யாணப் பந்தியில்தான் தெரிந்தது. எங்கள் அம்மா அவன் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டே, "வேட்டி நல்லாருக்கே மாப்ளே" என்று சொல்லிவிட்டாள். "எரவல் வேட்டிங்க. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்" என்றான் மாப்பிள்ளை, நாலு பேருக்குக் கேட்கும்படி.

அவனால் எதையும் மறைத்து வைக்க முடியாது. கேட்டால் சொல்லிவிடுவான். கேட்காவிட்டாலும், கொஞ்ச நேரம் முள் குத்தியவன் மாதிரி நெளிந்துவிட்டுச் சொல்லிவிடுவான். நல்ல குணம்தானே என்பார்கள். அவர்கள் தங்கையை அவனுக்குக் கட்டிக்கொடுத்ததில்லை, பேசலாம்.

1948-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது அவன் அரண்மனைக் கார் கொட்டகையில் கார் கழுவிக்கொண்டிருந்தான். கொட்டகை ஆட்களைக் குறைக்க வேண்டி வந்தது. கார் ஓட்டத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்று ஓர் அதிகாரி கேட்டார். ஸ்டீரிங்கைத் தொடாதவனெல்லாம் கை தூக்கினான். நாகராசு மட்டும், "கொட்டகைக்குள்ள முன்னும் பின்னும் எடுத்திருக்கேங்க. ரோட்டுல ஓட்டுனதில்லை" என்றான். கை தூக்கியவர்களுக்கு வேறு வேலை கிடைத்தது. இவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

பிறகு லைசென்ஸ் எடுத்து அன்னவாசல் பக்கம் ஒருவருடைய பஸ்ஸை ஓட்டினான். ஒருநாள் விடிகாலையில் பஸ் புளியமரத்தில் உரசிப் பக்கவாட்டில் கீறல் விழுந்துவிட்டது. பார்த்தவர் யாரும் இல்லை. மாட்டு வண்டி குறுக்கே வந்தது என்று சொன்னால் முதலாளி நம்பியிருப்பார். இவன் நேரே போய், "கண்ணசந்துட்டேன் முதலாளி" என்றான். அதோடு அந்த வேலையும் போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் அரிமளத்தில் பெரியகருப்பன் செட்டியார் வீட்டு வேலை. செட்டியாருக்குத் தொழில் பினாங்கில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். அவர் மனைவி அழகம்மை ஆச்சி கோயில் குளம் போய்வர என்று ஓர் அமெரிக்கக் காரைக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தார். ஆகாய நீலத்தில் அரிமளத்துத் தெருவை அடைத்துக்கொண்டு அது போனால், பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். நாகராசுவை வேலைக்கு வைத்த அன்றே செட்டியார் சொல்லிவிட்டார்: "ஒனக்கு முன்னால இருந்தவன் எண்ணெய்த் துணியை சீட்டு மேல வச்சான், அன்னைக்கே அனுப்பிட்டேன். நான் வாரப்ப வண்டி நான் விட்ட மாதிரியே இருக்கணும்."

கார் கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஓட்டு வீடு ஒன்றை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். என் தங்கைக்கு அந்த வீட்டில்தான் முதன்முதலாக மழைக்கு ஒழுகாத கூரை கிடைத்தது. இரண்டு பிள்ளைகளும் அங்கே பிறந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். அதனால் அந்தக் காரை நாகராசு பார்த்துக்கொண்ட மாதிரி என் தங்கையைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை. நான் கேலி பேசவில்லை, அவளே சொன்னது.

1962-ல் ஆயுத பூஜை வந்தது. செட்டியாரின் கப்பல் இன்னும் பத்து நாளில் நாகப்பட்டினத்துக்கு வருகிறது என்று கடிதமும் வந்திருந்தது. வீடு முழுக்கப் பித்தளை தேய்க்கும் வேலை. குத்துவிளக்கு, தாம்பாளம், குடம், எல்லாவற்றுக்கும் புளியும் செங்கல் பொடியும் ஒரு கூடையில் வைத்திருந்தார்கள். நாகராசு காரின் முன்னாலும் பின்னாலும் இருக்கிற பம்பரைப் புளி போட்டு விளக்கினான். அது இரும்பின் மேல் ஏற்றிய குரோமியம், எதற்கும் அசையாது, பளபளவென்று ஆனது. ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "வெளியில மட்டும் மின்னுனாப் போதுமா? உள்ளயும் பளிச்சுனு இருக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாகராசு உள்ளே உட்கார்ந்தான். ஸ்டீரிங்குக்கு நடுவில் ஹாரன் பட்டன், ரேடியோவின் இரண்டு குமிழ், டாஷ் போர்டில் இருக்கிற பெட்டியின் கைப்பிடி, எல்லாம் பம்பர் மாதிரியே மின்னின. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் அவன். புளியைத் தொட்டான், செங்கல் பொடியைத் தொட்டான், ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்தியோடு தேய்த்தான். கழுவிப் பார்த்தால் உள்ளங்கையில் இருந்தது நான்கு சாம்பல் நிறத் துண்டுகள். மினுக்கம் முழுக்கத் துணியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அவை பிளாஸ்டிக். மேலே இருந்த பளபளப்பு வெங்காயத் தோலைவிட மெல்லிசு.

வழக்கம்போல உடனே போய் ஆச்சியிடம் சொன்னான். ஆச்சி அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். "பித்தளை எது, பொம்மைச் சாமான் எதுன்னு தெரியாத ஆளும் ஒலகத்துல உண்டா நாகராசு? எனக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க வாரதுக்குள்ள என்னமாச்சும் செஞ்சுக்க. வந்து கேட்டா நான் குறுக்க பேச முடியாது."

மறுநாள் முதல் பஸ்ஸில் அவன் திருச்சிக்குப் போனான். அங்கே குரோமியம் ஏற்றும் பட்டறையில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல கரண்டு ஓடாதுப்பா. கரண்டு ஓடாததுல எதுவும் ஏறாது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். புதுசு வேண்டுமென்றால் கப்பலில் வர ஆறு மாதம் என்றார்கள். அங்கிருந்து நேரே புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் என் கடைக்கு வந்து நின்றான். செவந்தியும் அரிமளத்திலிருந்து வந்திருந்தாள்.

என் கடை கண்ணாடிக் கடை, பின்கட்டில்தான் வீடு. சாமி படங்களுக்குச் சட்டம் போடுவேன், அழுது வடிகிற பழைய நிலைக்கண்ணாடிகளுக்கு ரசம் பூசுவேன். ரசம் என்பது பேருக்குத்தான், பாதரசம் பூசுகிற காலமெல்லாம் போயிற்று. நான் பூசுவது வெள்ளி. வெள்ளி உப்பைத் தண்ணீரில் கரைத்து, அம்மோனியா விட்டு, சர்க்கரைக் கரைசலைச் சேர்த்துக் கண்ணாடி மேல் ஊற்றினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளி படிந்து முகம் தெரியும். இதற்குக் கரண்டு தேவையில்லை.

நாகராசு துண்டை அவிழ்த்து மேசையில் பரப்பினான். அதில் ஐந்து சாமான் இருந்தது. ஐந்தாவது மட்டும் பளபளவென்று இருந்தது.

"இது என்ன?"

"கார்ல இருக்கிற சாம்பல் தட்டு மூடி மச்சான்."

"இது மட்டும் எப்படித் தப்பிச்சுச்சு?"

"சிகரெட்டு அணைக்கிற எச்சில் சாமான். சாமிக்கு வைக்கிறதோட சேத்து அதை எப்படித் தேய்க்கிறது?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஒனக்கு அறிவு இருக்கா மாப்ளே? குத்துவிளக்குனு நெனச்சியா? அரண்மனையில கார் கழுவுனேன் கழுவுனேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறியே, இதுதான் கத்துக்கிட்டியா?" என்று கத்தினேன். "இதோட மூணாவது வேலை மச்சான்" என்று மட்டும் அவன் சொன்னான். செவந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். அதற்கு மேல் என்ன கத்துவது?

கண்ணாடியில் ஏறுகிற வெள்ளி பிளாஸ்டிக்கில் ஏறுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு ரேடியோக் குமிழை எடுத்துக்கொண்டேன். வெள்ளி உப்பைக் கரைத்தேன். கரைத்த மாத்திரத்தில் தண்ணீர் மோர் மாதிரி வெளுத்துவிட்டது.

கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருந்தால் அப்படித்தான் ஆகும். அதற்காகவே மழைத் தண்ணீரைப் பிடித்து ஒரு ஜாடியில் மூடி வைத்திருப்பேன், அதைத்தான் ஊற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "செவந்தி, ஜாடியில என்ன தண்ணி?" என்று கேட்டேன்.

"கெணத்துத் தண்ணிதான். மழைத் தண்ணியில பருப்பு வெரசா வேகும்னு எடுத்துக் கொழம்பு வச்சேன். ஜாடி காலியா இருக்கக் கூடாதுன்னு ரொப்பி வச்சேன்" என்றாள்.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கி அனுப்பத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஐப்பசி மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. வானம் வெறிச்சென்று கிடந்தது. வெள்ளி உப்பும் இனி ஒரு கைப்பிடிதான் மிச்சம்.

நாகராசு கொஞ்ச நேரம் நெளிந்தான். "மச்சான், பேட்டரித் தண்ணி ஆகுமா?" என்றான். காரின் பேட்டரிக்கு ஊற்றுவதற்காகப் பாட்டிலில் விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் ஒரு பொட்டு உப்பு இருக்காது. இத்தனை வருஷம் மழையை நம்பித் தொழில் செய்தவன் நான், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாட்டிலில் கிடைக்கிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை. அதை ஒப்புக்கொள்ள மனசு வராமல், "போய் வாங்கிட்டு வா, பார்ப்போம்" என்றேன்.

கரைசல் கண்ணாடி மாதிரித் தெளிந்து வந்தது. குமிழின் மேல் ஊற்றினேன். ஆனால் அது பரவவே இல்லை. சேம்பு இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி முத்து முத்தாக நின்று, தேமல் தேமலாக வெள்ளி படிந்தது. கழுவியதும் பாதி உதிர்ந்து போனது.

எட்டிப் பார்த்த செவந்தி, "எண்ணெய் தேச்சு அலசாத தலையில தண்ணி ஊத்துன மாதிரி நிக்குதே" என்றாள். "சீயக்காய் போட்டுப் பாரேண்ணே."

பருப்புக் குழம்புக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆனாலும் வேறு வழி இல்லாமல் சீயக்காய் போட்டேன். பிசுக்குப் போனது. தண்ணீர் முத்தாக நிற்காமல் வழிந்து பரவியது. கண்ணாடிக்குச் செய்கிற மாதிரியே முதலில் தகர உப்புக் கரைசலில் ஒரு முக்கு முக்கிவிட்டு, வெள்ளியை ஊற்றினேன். குமிழ் மெல்ல மெல்லப் பழுப்பாகி, கறுத்து, சட்டென்று வெளுத்தது. நான் குனிந்து பார்த்தேன், என் மூக்கு தெரிந்தது.

நாகராசு கையெடுத்துக் கும்பிட்டான். வெள்ளியையா என்னையா என்று கேட்கவில்லை.

ஆனால் காய்ந்ததும் ஓரத்தில் உரிந்தது. நடுவில் நகத்தால் சுரண்டியும் அசையவில்லை, ஓரத்தில் மட்டும் ஊதினாலே எழும்பியது. ஒரு பகல் முழுக்க அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் புரிந்தது. நடுவில் நாகராசு செங்கல் பொடியால் நன்றாகத் தேய்த்திருக்கிறான். ஓரத்தில் கை எட்டாமல் விட்டிருக்கிறான். வழவழப்பான இடத்தில் வெள்ளிக்குப் பிடிமானம் இல்லை. அவன் கெடுத்த இடத்தில்தான் அது பிடித்திருக்கிறது.

"மாப்ளே, இங்கிட்டு வா" என்றேன். "நீ கெடுத்த எடத்துலதான் ஒட்டுது. ஓரத்தையும் கெடு."

"நெசமாவா மச்சான்?"

"நெசமாத்தான். ஆனா செங்கல் பொடி வேணாம், கோடு தெரியும். பல்பொடியைத் துணியில சலிச்சு எடுத்துக்க. பொறுமையாத் தேய்."

மூன்று நாள் அவன் பல்பொடியால் தேய்த்தான். லீவு கேட்கும்போது ஆச்சியிடமும் உள்ளது உள்ளபடியே சொல்லியிருக்கிறான்: "மச்சான் கடையில ஒக்காந்து தேய்க்கணுங்க ஆச்சி." அவர்களும், "தேய்ச்சது போதாதா?" என்று கேட்டுவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

எட்டாம் நாள் நான்கு சாமானும் வெள்ளியாக மின்னின. பக்கத்தில் சாம்பல் தட்டு மூடியை வைத்தேன். என் மனசு விழுந்துவிட்டது. மூடியின் மினுக்கத்தில் லேசான நீலம் ஓடியது. என் வெள்ளி பால் மாதிரி இருந்தது. தனியாகப் பார்த்தால் தெரியாது. காருக்குள் இரண்டும் ஒரே பார்வையில் படும், செட்டியார் கண்ணுக்குத் தப்பாது. அந்த மூடியையும் அவன் தேய்த்துத் தொலைத்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. எச்சில் சாமான் என்று அவன் ஒதுக்கினானே, அதற்காக அன்றைக்கு அவனுக்கு நூறு குற்றம் மன்னிக்கலாம் போல இருந்தது.

வெள்ளி கறுக்காமல் இருக்க மேலே ஒரு பூச்சு கொடுத்தாக வேண்டும். ஹார்மோனியப் பெட்டிக்குப் பூசுகிற வெள்ளை அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மை கரைக்க வாங்குவார்களே நீல மாத்திரை, அதைக் குண்டூசியால் சுரண்டி, ஊசி முனையில் ஒட்டியதை மட்டும் அரக்கில் விட்டேன். முதல் தடவை நீலம் தூக்கலாகிவிட்டது, துடைத்துவிட்டேன். இரண்டாம் தடவை பூசிக் காயவைத்து மூடிக்குப் பக்கத்தில் வைத்தேன். எது கப்பலில் வந்தது, எது கீழ ராஜ வீதியில் பிறந்தது என்று எனக்கே தெரியவில்லை. செவந்தியைக் கண்ணை மூடச் சொல்லி இடம் மாற்றி வைத்துக் கேட்டேன். அவள் தப்பாகத்தான் காட்டினாள். அண்ணன் தங்கை இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் சிரித்தோம். அந்த எட்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

ஒன்பதாம் நாள் எல்லாவற்றையும் காரில் மாட்டினோம். நான் நாகராசுவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "மாப்ளே, ஒன்னையக் கும்பிட்டுக் கேக்குறேன். செட்டியார் கேக்காத வரைக்கும் வாயைத் தெறக்காத. ரெண்டு புள்ளைக இருக்கு, கூரை இருக்கு. ஒரு பொய்யும் சொல்ல வேணாம். சும்மா இரு, போதும்."

"சும்மா இருக்கேன் மச்சான்" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நாகப்பட்டினத்தில் நடந்ததை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கப்பலிலிருந்து இறங்கிய செட்டியார் பெட்டிகளை ஏற்றிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். டாஷ் போர்டை ஒரு பார்வை பார்த்தார். ரேடியோக் குமிழைத் திருகினார். ஹாரன் பட்டன் மேல் விரலை வைத்துத் தடவிவிட்டு, "நல்லா வச்சிருக்கே" என்றார். அவ்வளவுதான், பிழைத்துவிட்டான். இவன் இடத்தில் நான் இருந்திருந்தால் விசில் அடித்துக்கொண்டு ஓட்டியிருப்பேன்.

அந்த ஒரு பாராட்டுத்தான் அவனைக் கொன்றது. திருத்துறைப்பூண்டி வரை பொறுத்துக்கொண்டான். பட்டுக்கோட்டைக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. என்ஜினை நிறுத்தினான். ரயிலைக் காணோம். வண்டிக்குள் சத்தமே இல்லை. அங்கே உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. புளி, செங்கல் பொடி, ஆச்சி சொன்னது, பேட்டரித் தண்ணி, சீயக்காய், நீல மாத்திரை, ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். நான் வாயைத் திறக்காதே என்று சொன்னதையும் சேர்த்துத்தான்.

செட்டியார் குனிந்து ஹாரன் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "இதை யாரு போட்டது?"

"என் மச்சான் ரத்தினவேலுங்க. புதுக்கோட்டையில கண்ணாடிக் கடை."

ரயில் போயிற்று. "கேட்டைத் தெறந்துட்டான், எடு" என்றார். அரிமளம் வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது, "நாளைக்குக் காலையில அவனையும் கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலமே அவன் என் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது நான் அவனை என்னென்ன திட்டினேன் என்று எழுத முடியாது. இவன் வேலை போகிறது சரி, என்னை எதற்குக் கூப்பிடுகிறார்? ஏமாற்று வேலை செய்தவன் என்று போலீசில் பிடித்துக்கொடுக்கவா? மறுநாள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அரிமளத்தில் செவந்தி வீட்டு வாசலில் நின்றாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள்.

உள்முற்றத்தில் ஆச்சி யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. நாகராசு புளி போட்ட கதைதான். "நானா உள்ளாற தேய்க்கச் சொன்னேன்? பொம்மைச் சாமானைப் போயி எந்த மடையனாவது செங்கல் பொடி போட்டுத் தேய்ப்பானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாகராசு தலையைக் குனிந்துகொண்டான்.

செட்டியார் எங்களைக் கார் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். கதவை உள்பக்கம் சாத்தினார். ஆள் குள்ளம், ஆனால் அன்றைக்கு எனக்கு அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருந்தது. மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, மேல் சுற்றியிருந்த பனியனைப் பிரித்துப் பொருளை என் கையில் வைத்தார்.

இன்னொரு ஹாரன் பட்டன். வேறு காருடையது, இதைவிடச் சின்னது. சாம்பல் நிறத்தில் மொட்டையாக இருந்தது.

"இதையும் அது மாதிரி ஆக்க முடியுமா?" என்றார்.

நான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நடுவில் செதுக்கியிருந்த எழுத்துக்களின் பள்ளத்தில் ஏதோ சிவப்பாக அடைந்திருந்தது. நகத்தால் கிள்ளினேன், பொடியாக உதிர்ந்தது. அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். பத்து நாளாக அதோடுதானே மல்லுக்கட்டினேன். பக்கத்தில் நின்ற நாகராசுவும் பார்த்துவிட்டான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

செட்டியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காரின் கண்ணாடியைத் துடைக்கிற பாவனையில் பேசினார். "பினாங்குல எனக்கு டிரைவர் கெடையாது, நானேதான் ஓட்டுறது. போன வருஷம் ஆயுத பூஜைக்கு வெளக்கெல்லாம் தேய்ச்சேன். கையோட கையா இதையும்... அங்க ரெண்டு பட்டறையில காட்டுனேன். என்னத்தப் போட்டுத் தேய்ச்சீங்கனு கேட்டான். எனக்கு வாய் வரல. வாங்கிக்கிட்டு வந்துட்டேன். ஒரு வருஷமா பெட்டியில கெடக்கு."

கண்ணாடியைத் துடைத்த கை நின்றது.

"நேத்து நீ கேட்டுல நின்னு சொன்னப்ப எனக்குப் பொறாமையா இருந்துச்சு நாகராசு" என்றார். "நீ பாட்டுக்குச் சொல்லிப்புட்டே. என்னால ஒரு பட்டறைக்காரன்கிட்டகூடச் சொல்ல முடியல."

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. "ஒரு வாரம் குடுங்கய்யா, முடிச்சுத் தாரேன்" என்றேன். "தேய்க்கிற வேலையைத்தான் நீங்களே நல்லாச் செஞ்சிருக்கீங்க" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். நான் நாகராசு இல்லை.

"வண்டியை எப்பவும் போல நீயே பாத்துக்க" என்று அவனிடம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். ஆச்சி காதுக்குப் போச்சுன்னா, நான் கப்பல் ஏறுற வரைக்கும் விட மாட்டா. உள்ள பேசுறதைக் கேட்டீங்கள்ல?"

நான் தலையாட்டினேன். நாகராசுவும் தலையாட்டினான். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, ரகசியத்தை ஒப்படைக்க இவருக்கு இவன்தானா கிடைத்தான்? வேலை திரும்பக் கிடைத்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் மறுபடியும் கத்தி தலைக்கு மேல் தொங்கியது.

நினைத்து முடிக்கவில்லை, கொட்டகைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆச்சி வந்து நின்றார்கள். செட்டியார் பனியனைச் சட்டென்று மடியில் செருகினார். ஹாரன் பட்டன் என் கையில் இருந்தது, நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கதவைச் சாத்திக்கிட்டு மூணு பேரும் என்ன பேச்சு?" என்று கேட்டார்கள். எங்கள் இருவரையும் விட்டுவிட்டு நாகராசுவைப் பார்த்துத்தான் கேட்டார்கள். யாரைக் கேட்டால் உண்மை வரும் என்று அவர்களுக்கா தெரியாது?

நாகராசு நெளிந்தான். செட்டியார் காரைப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"முதலாளி என்னைய வேலையில வச்சுக்கிட்டாருங்க ஆச்சி" என்றான். சொல்லும்போதே குரல் உடைந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டான். பத்து நாள் அழுகை அத்தனையும் வந்தது.

ஆச்சி பதறிப்போனார்கள். "அட, இதுக்குப் போயி அழுவாங்களா? ஒன்னைய விட்டா இந்த வண்டியை யாரு பாப்பா?" என்று சொல்லிக்கொண்டே, எல்லாருக்கும் காப்பி கொண்டு வரச்சொல்ல உள்ளே போனார்கள். செட்டியார் மடியில் செருகிய பனியனை எடுத்து நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அவன் சொன்னதில் பொய் ஒரு சொட்டு இல்லை. அப்படியும் ஒன்றை மறைக்கலாம் என்று முப்பத்திரண்டு வயதில்தான் அவனுக்குத் தெரிந்தது. நான் காப்பியைக் குடித்துவிட்டு, ஹாரன் பட்டனை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு, செவந்தி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றவளிடம் ஒன்றும் சொல்லாமல், சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே அடுக்க ஆரம்பித்தேன்.